எல்லைக்கோட்டில் ஓர் ஆஷ் மரம்

ஓரின் ஹஸ்கின்ஸை நல்லவன் என்று எங்கள் பிக்ஸ்பி ஊரில் யாரும் சொன்னதில்லை. கெட்டவன் என்று அவன் காதுபடச் சொல்லவும் யாருக்கும் தைரியம் வந்ததில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் அறுபத்தைந்து வயது வரை சௌகரியமாகக் காலம் தள்ளிவிடலாம் என்பதற்கு, வெர்மான்ட் மாநிலம் முழுக்கத் தேடினாலும் அவனைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அவனுடைய தம்பி மெர்ட்டன் மாரடைப்பில் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மெர்ட்டனின் மனைவி ஏவிஸும் இருபது வயது மகள் ரோவியும் ஓடைக்கரை வீட்டில் இருந்தார்கள். மேட்டு வீடு ஓரினுடையது. தகப்பன் எல்வின் இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்த நிலத்தின் எல்லைக்கோடு ஒரு வெள்ளை ஆஷ் மரத்தின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். கோட்டின்மேல் நிற்கிற மரம் எங்கள் பக்கத்தில் இருவருக்கும் பொது. ஒருத்தர் சம்மதமில்லாமல் மற்றவர் அதன்மேல் ரம்பம் வைத்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஏவிஸுக்கு நேர்ந்ததெல்லாம் அந்தக் கோட்டால் நேர்ந்தது.

இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். அதன் பெரிய கிளைகள் மூன்று ஏவிஸின் கூரைக்கு மேலே, சரியாக ரோவி படுக்கிற அறைக்கு மேலே, நீண்டிருந்தன. மரம் உயிரோடு இருந்தவரை அது நிழல். பச்சை வண்டு எங்கள் காட்டுக்குள் வந்தபிறகு அது வேறு. அந்த வண்டு மேப்பிளை விட்டுவிடும், ஓக்கை விட்டுவிடும். ஆஷ் என்றால் மட்டும் பட்டையில் முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். பட்டைக்கு அடியில் இருக்கிற புழுக்கள் நீரேறும் வழியையெல்லாம் தின்று தீர்த்துவிட, மரம் நின்ற இடத்திலேயே நின்றபடி சாகும்.

உச்சியில் இலை குறைந்த முதல் கோடையிலேயே ஏவிஸ் காஸ்டன் பக்கெட்டைக் கூப்பிட்டுவிட்டாள். கயிற்றில் தொங்கிக்கொண்டு கிளை கிளையாக அறுத்து இறக்குகிறவன் காஸ்டன். அந்தத் தொழிலில் பத்து விரலும் மிச்சமிருக்கிற ஆள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருத்தன்தான். மரத்தைச் சுற்றி வந்தான், அண்ணாந்து பார்த்தான், அடிமரத்தைத் தட்டிப் பார்த்தான்.

"இப்பன்னா ஏறலாம்," என்றான். "உசுரோட இருக்கிற ஆஷ் எவ்வளவு வளைச்சாலும் தாங்கும். அதனாலதானே கோடாலிக்குக் காம்பு போடறோம். செத்துப்போச்சுன்னா காஞ்ச ரொட்டிதான். கால வச்சா கிளையும் நானும் சேர்ந்தே கீழ வருவோம். உங்க வீட்டுக்காரரோட அண்ணன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுச் சொல்லுங்க, மறுநாளே வந்துடறேன். ரெண்டு கையெழுத்து இல்லாம ஒரு சுள்ளியக்கூட ஒடிக்க மாட்டேன், அத்தோட என் இன்சூரன்ஸ் காலி."

ஏவிஸ் அன்றைக்கே மேடேறிப் போனாள். ஓரின் கொட்டகையில் வைக்கோல் வாரியின் பல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கடைசி வரை கேட்டான். கேட்பதில் அவனுக்கு எப்போதும் பொறுமை உண்டு.

"உன் பாதிய வெட்டிக்கோ, ஏவிஸ். நான் வேண்டாங்கறேனா? என் பாதியில தூசி விழாம பாத்துக்கோ, போதும்."

"விளையாடாதீங்க ஓரின். கிளை மூணும் ரோவி தலைக்கு மேல நிக்குது."

"அப்ப கட்டில நகத்திப் போடச் சொல்லு."

"இன்னொரு வருஷம் போனா ஏற முடியாதுங்கறான் காஸ்டன்."

"காஸ்டன் மரம் வெட்டறவன். முடி வெட்டறவன்கிட்ட போய் என் முடி எப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவான்? எங்கப்பா கைபட்ட மரம் அது. மெர்ட்டன் இருந்திருந்தா இப்படிக் கேட்டுட்டு வந்து நின்னிருக்க மாட்டான்."

"மெர்ட்டன் இருந்திருந்தா நீங்க இப்படிப் பேசியிருக்க மாட்டீங்க," என்று சொல்லிவிட்டாள் ஏவிஸ்.

அதுதான் அவள் செய்த பிழை. கெஞ்சியிருந்தால் இன்னும் கொஞ்சம் கெஞ்ச வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஓரின் வாரியின் பல்லை எடுத்து மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

அடுத்த வருஷம் மரத்தில் பாதிக்கு இலையே வரவில்லை. இலையுதிர்காலத்தில் மரங்கொத்திகள் வந்தன. புழுவைத் தேடி அவை மேல்பட்டையைச் சீவித் தள்ளத் தள்ள, அடியிலிருந்து நுனிவரை மரம் வெளிறிப்போனது. வெளிறின ஆஷைக் கண்டால் எங்கள் ஊரில் குழந்தைகூடத் தள்ளி நடக்கும். ஏவிஸ் இதற்கிடையில் இன்னும் நான்கைந்து முறை மேடேறி இறங்கினாள். வக்கீலைப் பார்த்தாள். "கேஸ் போடலாம், ஜெயிக்கலாம், ஆனா அதுக்குள்ள மரமே விழுந்துடும்," என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். மகளிடம் சமையலறையில் படுக்கச் சொன்னாள். ரோவி கேட்கவில்லை.

கேட்கமாட்டாள் என்பது ஏவிஸுக்குத் தெரிந்ததுதான். அந்த அறையின் நான்கு சுவருக்கும் மெர்ட்டன் ஆஷ் பலகை அடித்திருந்தான். கல்யாணத்துக்கு எல்வின் கொடுத்த, புயலில் சாய்ந்த ஒற்றை மரம். அதைப் பல வருஷம் காயப்போட்டு வைத்திருந்து, ரோவி பிறந்ததும் பலகையாக்கி, கையாலேயே இழைத்து அடித்தான். ரோவி பேச ஆரம்பித்தபோது அந்தப் பலகைகளில் ஓடுகிற வரிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவன் போனபிறகு அந்தச் சுவரோரமாகவே கட்டிலைப் போட்டுக்கொண்டாள். பக்கத்துப் பண்ணையில் மாடு கறக்கும் வேலை; விடியுமுன் எழுந்துபோய்ப் பொழுது சாய வந்து அந்தச் சுவரைப் பார்த்தபடி படுப்பாள். மகள் மேல் மரம் விழும் என்ற பயத்தைத் தவிர ஏவிஸுக்கு அந்தக் குளிர்காலத்தில் வேறு நினைப்பே இல்லை.

பிப்ரவரியில் ஓரின் தானாகவே மேட்டிலிருந்து இறங்கி வந்தான். கையில் ஒரு டப்பா மேப்பிள் பாகு வேறு. ஓரின் ஒன்றைக் கொடுத்தால், அவன் எடுத்துக்கொள்ளப் போவது என்ன என்று பார்க்க வேண்டும்.

அவன் எடுக்க வந்ததைச் சொல்வதற்குமுன் எல்வினின் நாற்பது மரங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் கன்றுக்குட்டி வளர்ப்பதுபோல் எல்வின் ஆஷ் வளர்த்தவர். பின்காட்டில், கைவிட்ட மேய்ச்சல் நிலத்தில் தானாக முளைத்த கன்றுகளில் நேரானவற்றைப் பொறுக்கி, அவற்றை நெருக்குகிற மரங்களை ஒவ்வொரு குளிர்காலமும் வெட்டிக் கழித்து, வெளிச்சம் காட்டி வளர்த்தார். மெதுவாக வளர்ந்த ஆஷ் பட்டென்று ஒடியும். வேகமாக வளர்ந்து வளையம் அகன்ற ஆஷ்தான் கோடாலிக் காம்புக்கும் பேஸ்பால் மட்டைக்கும் ஆகும். நாற்பது மரம் அப்படித் திரண்டு நின்றது. பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி என்று ஊரறியச் சொல்லியிருந்தார். பிறகு ஒரு குளிர்காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். மெர்ட்டன் கட்டிலோரத்தைவிட்டு நகரவில்லை. வீட்டில் ஓரின் இருந்தான். எல்வின் திரும்பி வந்து பின்காட்டுக்குப் போனபோது நாற்பது அடிக்கட்டைகள் பனிக்கு மேலே தலைகாட்டிக்கொண்டிருந்தன. அதன்பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

வெளியூர்த் திருடர்கள் என்று ஓரின் சொன்னான். லாரி போன தடம் யார் கொட்டகையிலிருந்து புறப்பட்டது என்பதை மெர்ட்டனும் ஏவிஸும் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் தாய்க்காரி மெர்ட்டனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணனை ஊர்ல தலைகுனிய வைக்காதே," என்று அழுதாள். அவன் வாயை மூடிக்கொண்டான். தாய் செத்தபிறகும் திறக்கவில்லை. மகளிடம்கூடச் சொன்னதில்லை. பெரியப்பாவைப் பார்த்து அவள் முகம் சுளிக்கக் கூடாது என்று நினைத்த மனிதன் அவன். பாம்புக்குப் பால் வார்த்தால் பால் வார்த்த கையைப் பாம்பு ஞாபகம் வைத்திருக்குமா?

இப்போது, இவ்வளவு காலம் கழித்து, மட்டைக் கம்பெனிக்கு மரம் வாங்கித் தந்த கிழவர் ஒருவர் கடையில் காபி குடித்தபடி, அந்த நாற்பதைத் தனக்கு விற்றது ஹஸ்கின்ஸ் பையன்களில் ஒருத்தன்தான் என்று சொல்லிவிட்டார். எந்தப் பையன் என்று கேட்டதற்கு, முகம் மறந்துபோச்சு என்றார். வருஷாவருஷம் மார்ச்சில் கூடும் ஊர்க்கூட்டத்தில் ஓரின் ஊர் நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு நிற்கிறான். ஊர் வாய் அவன் பெயரைத்தான் மென்றுகொண்டிருந்தது.

ஓரின் பாகு டப்பாவை மேஜைமேல் வைத்தான். தொப்பியைக் கழற்றினான்.

"கையெழுத்துப் போடறேன்," என்றான். "நீ ஒரே ஒரு காரியம் பண்ணணும். கூட்டத்துல ஓட்டுக்கு முன்னாடி எழுந்து நின்னு, அந்த நாப்பதையும் வித்தது மெர்ட்டன்தான்னு சொல்லணும்."

ஏவிஸ் அவனையே பார்த்தாள். "வித்தது யாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் பேசாம இருக்கறதுதான நம்ம குடும்ப வழக்கம். அவனே கடைசி வரைக்கும் சொல்லல. நீ ஏன் சொல்றே?"

"செத்துப்போன மனுஷன் மேல பழியப் போடச் சொல்றீங்க."

"செத்தவனுக்கு என்ன வெக்கம், ஏவிஸ்? அவன் என்ன எலெக்‌ஷன்லயா நிக்கறான்? உயிரோட ஒருத்தி அந்த ரூம்ல தூங்கறா. அவளப் பாரு."

"வெளிய போங்க."

"போறேன். பாகு வேணும்னா வச்சுக்கோ, முதல் காய்ச்சல்." வாசலில் நின்று தொப்பியை மாட்டிக்கொண்டான். "ஒண்ணு. காஸ்டன் வர்ற அன்னிக்கு மரத்தடியிலயே கையெழுத்துப் போடுவேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. ரோவிகிட்டயும்தான். சின்னப் பொண்ணு, ஊரெல்லாம் போய்க் கத்துவா. அப்புறம் கையெழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அந்த வாரத்தில் ஒரு காலை ரோவி வேலைக்குக் கிளம்பிக் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காற்றுகூடப் பலமில்லை. தொடை பருமனுள்ள கிளை ஒன்று அவளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் விழுந்து மூன்றாக உடைந்தது. ரோவி திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னலில் நின்ற தாயிடம் சிரித்துக் கையாட்டினாள். ஏவிஸ் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் போன பிறகு ஓரினுக்குப் போன் பண்ணினாள். ஒரே வார்த்தைதான் சொன்னாள். "சரி."

ஊர்க்கூட்டம் வழக்கம்போலப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில். பனிச்செருப்பும் ஈரக் கம்பளியும் சேர்ந்த வாடை, பின்வரிசையில் பின்னல் ஊசிகளின் சத்தம், ஓரமாக வேகவைத்த பீன்ஸும் ஹாம் இறைச்சியும் வரிசையாக 'பை' என்கிற பழப் பலகாரமும். ரோடு போடும் வண்டி புதிதாக வாங்குவதா, பழையதை ஒட்டுப்போடுவதா என்று ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டோம். பிறகு தலைமை தாங்கின டில்லட்சன் அம்மாள், ஓட்டெடுப்புக்குமுன் யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டாள். ஏவிஸ் எழுந்தாள்.

அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. பின்னல் ஊசிகள் நின்றன. மாமனாரின் நாற்பது ஆஷைப் பற்றி ஊரில் பேச்சு அடிபடுவதாகவும், அது ஓரின் மேல் விழுவது நியாயமில்லை என்றும், விற்றது தன் புருஷன் மெர்ட்டன்தான் என்றும், அவன் உயிரோடு இருந்தபோதே தனக்கு அது தெரியும் என்றும் சொன்னாள். மனப்பாடம் செய்ததைப்போல் சொன்னாள். நாங்கள் அதை வெட்கம் என்று நினைத்தோம்.

"பணத்த என்ன பண்ணினான்?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

ஏவிஸ் அதற்கு விடை யோசித்து வைத்திருக்கவில்லை. "குடிச்சுட்டாரு," என்றாள்.

மெர்ட்டன் கிறிஸ்துமஸுக்கு ஒரு கிளாஸ் ஆப்பிள் சைடர் குடித்தால் அதிகம். ஆனாலும் நாங்கள் நம்பினோம். நம்புவதற்கு எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. செத்தவனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். உயிரோடு இருக்கிற ஓரினின் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டுமே.

ஓரின் எழுந்தான். கைக்குட்டையை எடுத்தான். "என் தம்பிய நான் என்னைக்கோ மன்னிச்சுட்டேன்," என்றான். "அவன் பொண்டாட்டிக்கு இதச் சொல்ல எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். அவளையும் யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க." இரண்டு கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு ஓட்டெடுத்தோம். ஓரின் அமோகமாக ஜெயித்தான். என் ஓட்டும் அதில் ஒன்று.

ரோவி அப்போது பலகார மேஜையருகே கையில் கத்தியோடு நின்றிருந்தாள். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, குளிருக்குப் போடும் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனாள்.

ஏவிஸ் வீட்டுக்கு வந்தபோது ரோவி தன் அறையில் ஒரு பெட்டியில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சுட்டாரா?" என்றாள், திரும்பாமல். "எப்பம்மா குடிச்சாரு? எந்த வருஷம்?"

ஏவிஸ் வாயைத் திறந்தாள். போனில் மெசேஜ் வைத்துக் காஸ்டனை வரச் சொல்லியிருந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"தாத்தா ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப அப்பா அவர் பக்கத்துல உக்காந்திருந்தாருன்னு நீதான சொல்லிருக்கே. அப்ப அங்க உக்காந்துட்டே இங்க வந்து மரம் வெட்டினாரா?"

"ரோவி, கொஞ்ச நாள் பொறு."

"எதுக்கு?" அவள் சுவர்ப் பலகையைக் கையால் அறைந்தாள். "இந்தச் சுவரும் திருட்டா? இதுவும் அந்த நாப்பதுல ஒண்ணா? சொல்லு."

"இல்ல. இது தாத்தா கொடுத்தது."

"உனக்கெப்படித் தெரியும்? இன்னைக்குத்தான் ஊரே சொல்லுது, மெர்ட்டன் ஹஸ்கின்ஸ் தன் பொண்ணுக்குத் திருட்டுப் பலகைல ரூம் கட்டினான்னு. வெளிய வர்றப்ப என் காதுலயே விழுந்துச்சு. சிரிச்சாங்கம்மா."

ஏவிஸ் கூரையை அண்ணாந்து பார்த்தாள். மகள் தலைக்கு மேல் மூன்று கிளை நின்றது. அதை இறக்குகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். மகளே அந்தக் கூரைக்கடியிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்பதும், இனி எந்தக் கிளை எங்கே விழுந்தால் என்ன என்பதும் அந்த நிமிஷத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. பயம் வந்தவளுக்கு மரம்தான் தெரியும், பிள்ளை தெரியாது. ரோவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். பக்கத்து மாநிலம் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பண்ணையில் சிநேகிதி வேலை செய்கிறாள், அங்கே போனாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சொன்ன நாளில் காஸ்டன் வந்தான். ஓரினும் வந்திருந்தான், சவரம் செய்துகொண்டு. ஏவிஸ் லாரியின் பின்புறத்தைப் பார்த்தாள். கயிறு இல்லை, கொக்கி இல்லை, ரம்பம்கூட இல்லை.

"பேப்பர் எங்க?" என்றான் ஓரின். லாரியின் மூக்கின்மேல் காகிதத்தை வைத்து, பெயரை முழுசாக, அழகாக எழுதினான். "இந்தா ஏவிஸ். ஓரின் சொன்னா சொன்னதுதான்."

காஸ்டன் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. மரத்தடிக்குப் போய், கோடாலியின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினான். பட்டை ஒரு கதவளவுக்கு அப்படியே கழன்று பனியில் விழுந்தது.

"உங்க மெசேஜக் கேட்டேன்," என்றான். "போன்ல சொல்ல மனசு வரல, அதான் நேர்ல வந்தேன். இதுல நான் ஏற மாட்டேம்மா. வேற எவனும் ஏற மாட்டான். ஏறறேன்னு எவனாவது சொன்னா அவனுக்குப் புள்ளகுட்டி இல்லன்னு அர்த்தம்."

"கையெழுத்து வந்தாச்சே."

"கையெழுத்து மேல கால வச்சு ஏற முடியாதே."

"கிரேன்?"

"ஓடைப் பாலம் தாங்காது. அடில வெட்டினா கிளை பாரம் வீட்டுப் பக்கமா இழுத்துட்டுப் போகும். கம்பி கட்டி அந்தப் பக்கம் இழுத்தா நடுவுல முறிஞ்சு நுனி கூரை மேல வந்து உக்காரும். அதுவா எப்ப விழணுமோ அப்ப விழட்டும். நீங்க வீட்டவிட்டுப் போயிடுங்க." ஓரின் பக்கம் தலையைத் திருப்பினான். "நவம்பர்ல உங்க கொட்டகை மரத்த இறக்க வந்தப்பவே சொன்னேனே. இந்த மரம் முடிஞ்சுபோச்சு, இனிமே கையெழுத்துப் போட்டும் புண்ணியமில்லன்னு. இவங்ககிட்ட சொல்லலியா? வீட்டுக்குள்ள பேசிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

ஓரின் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

"கையெழுத்து கேட்டா, போட்டேன்," என்றான். "மரம் ஏறித் தர்றேன்னு நான் எப்ப சொன்னேன்?"

ஏவிஸ் அவனை அடிக்கவில்லை, சபிக்கவில்லை. அவள் செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வரும். அவள் அந்தக் காகிதத்தை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கே மகளைத் தேடிப் பிடித்துப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். லாரித் தடம், தாய்க்காரியின் அழுகை, பிப்ரவரிப் பேரம், நவம்பரில் காஸ்டன் சொன்னது, ஒன்று விடாமல். ரோவி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப கூட்டத்துல சொன்னது பொய்," என்றாள்.

"பொய்தான். உனக்காகத்தான் சொன்னேன்."

"இல்லன்னா இப்ப சொல்றது பொய். நான் திரும்பி வரணும்னு சொல்றே."

"ரோவி, சத்தியமா."

"ரெண்டுல எது பொய்யா இருந்தாலும் சொன்னது நீதான்மா. எதை நான் நம்பறது? நான் இத்தனை வருஷம் நம்பினது அவரை மட்டும்தான். அவருக்காக வாயத் திறக்க வேண்டிய ஒரே ஆளு நீ. நீயே அவர் குடிகாரன்னு சொன்னே."

ஊரிலும் ஏவிஸ் சொல்லிப் பார்த்தாள். கடையில் சொன்னாள், சர்ச் படியில் சொன்னாள். மகள் போன துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று நாங்கள் தலையாட்டினோம். ஓரின் அப்போது நிர்வாகக் குழுவில் இருந்தான். பனியிலும் சேற்றிலும் வழுக்குகிற எங்கள் தெருக்களுக்கு எப்போது மண் கொட்டுவது என்பதை அவன்தான் முடிவு செய்வான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மண் லாரி இருந்தால் மூடலாம்.

வீட்டைவிட்டுப் போகச் சொன்னான் காஸ்டன். ஏவிஸ் போகவில்லை. போக்கிடமும் இல்லை. பாகு காய்ச்சும் பருவம் முடிந்து ரோடெல்லாம் சேறாகிக் கிடந்த ஏப்ரலில் ஒரு மத்தியானம், வீட்டுக்குப் பின்னாலிருக்கிற மலையிலிருந்து காற்று இறங்கியது. ஏவிஸ் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு, கத்தியைப் பிடித்தபடி, கூரை இறங்குவதற்காகக் காத்திருந்தாள். இறங்கவில்லை.

மரம் இடுப்பளவில் முறிந்து, காற்று தள்ளிய திசையில், ஓரினின் புல்வெளியில் நீளமாக விழுந்திருந்தது. மூன்று கிளைகளும் கூரைமேலிருந்து அப்படியே எழுந்து அந்தப் பக்கம் போயிருந்தன. ரோவியின் அறை ஜன்னலில் ஒரு கீறல் இல்லை. கொடிக் கயிற்றில் காய்ந்த துணிகூட அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. காஸ்டன் பிறகு வந்து பார்த்துவிட்டு, இப்படியும் விழும், அப்படியும் விழும், அதை யார் சொல்ல முடியும் என்று சொல்லிப் போனான்.

ஓரின் மறுநாளே ரம்பத்தோடு வந்தான். அடிமரம் உறுதியாக இருந்தது. செத்த ஆஷிலும் அடிக்கட்டை காம்புக்கு ஆகும். ஏவிஸ் வேலியருகே நின்று பார்த்தாள்.

"ஆளுக்குப் பாதி," என்றான் ஓரின். "சட்டம்னா சட்டம். அடிப்பாதி எனக்கு, நுனிப்பாதி உனக்கு. சுள்ளி நல்லா எரியும். அப்புறம், என் வேலி முறிஞ்சுபோச்சு. அதுலயும் பாதி உன்னோட பொறுப்புதான்."

அவன் சொன்னபடியே செய்தான். மாலைக்குள் நுனிக் கிளைகளையெல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டு, அடிமரத்தைச் சங்கிலியில் கட்டி மேட்டுக்கு இழுத்துப்போனான்.

ஏவிஸ் உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டு மகளுக்குப் போன் செய்தாள். நிறைய நேரம் மணி அடித்தபிறகு ரோவி எடுத்தாள். பின்னால் பால் கறக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மரம் விழுந்துடுச்சு," என்றாள் ஏவிஸ். "அந்தப் பக்கமா விழுந்துச்சு. உன் ரூமுக்கு ஒண்ணும் ஆகல. அப்பா அடிச்ச பலகையெல்லாம் அப்படியே இருக்கு. இனிமே பயமில்ல, நீ வரலாம்."

ரோவி நகர்ந்து வந்தாள், மெஷின் சத்தம் குறைந்தது.

"யார் மேலயும் விழலியா?" என்றாள் ரோவி.

"விழல. ஒரு கண்ணாடிகூட உடையல."

"அப்ப கூட்டத்துல நீ அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்."

இன்னும் பதினாறு மாடு பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரோவி போனை வைத்தாள்.